கையுறை யாருக்காக?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் தாயார் 21 நாள் ஒரு பெரிய வைத்தியசாலையின் பொது வாட்டில் இருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த உடல். இடது காலில் ஆறாத புண். அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் காட்சி அங்கு மட்டுமே காணக்கூடியதும் அன்று. குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. சாட்டுவதானால் என்னையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

காலை எட்டு மணிக்கு மருத்துவ மாணவர்கள் வருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோர் மேலும் வெள்ளை அங்கி. ஒருநாள் அவர்களுள் ஒருவனிடம் புண்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் பொறுப்பு விடப்பட்டிருந்தது. சுறுசுறுப்பான இளைஞன், முகத்தில் கனிவுங்கூட இருந்தது. கையுறை அணிந்துகொண்டான். முதற் கட்டிலில் இருந்த பெண்ணின் கட்டை அவிழ்த்தான்; புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தான்; பேனாவை எடுத்து எழுதினான்; மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். இரண்டாவது கட்டில். மூன்றாவது. நான்காவது என் தாயாருடையது. ஏழு கட்டில்களையும் பார்த்து முடிக்கும் வரை அதே கையுறை. முடிந்ததும் கழற்றினான். கழற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். வெளிப்புறம் தன் மணிக்கட்டில் படாதவாறு உள்ளிருந்து புரட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, அதற்குரிய மஞ்சள் தொட்டியில் இட்டான். பிறகு குழாயடிக்குச் சென்று, விரலிடுக்கு, நகக்கண், பெருவிரல் என்று ஒவ்வோர் இடமாகச் சவர்க்காரம் தேய்த்து நெடுநேரம் கழுவினான். பாடப் புத்தகத்தில் படமாகப் போடத்தக்க கழுவல் அது.

அவனுக்கு அறிவில்லை என்று எவரேனும் சொல்ல முடியுமா? கிருமி எது, அது எவ்வழி பரவும், எதனால் தடைப்படும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கையுறையை அவன் கழற்றிய முறையே அதற்குச் சாட்சி. ஆனால் தெரிந்த அறிவு முழுவதும் ஒரே திசையில் வேலை செய்தது. நோயாளியிடமிருந்து தன்னை நோக்கி வரும் தொற்றுக்கு அவன் ஏழு கட்டிலிலும் தடை போட்டான். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குத் தன் கை வழியாகப் போகும் தொற்று அவன் நினைவில் எழவே இல்லை.

நான் பக்கத்தில் நின்றேன். இருபது ஆண்டாக ஆரோக்கியமும் விஞ்ஞானமும் கற்பித்து வருபவன். வாய் திறக்கவில்லை. அவன் மனம் புண்பட்டால் தாயாருக்குக் கவனிப்புக் குறையுமோ என்ற அச்சம். அவன் போன பின்பு தாயார் சொன்னார்: "உறையப் போட்டுக்கிட்டாவது தொட்டுப் பாக்குறாங்களே, தம்பி. அந்தக் காலத்துல தோட்டத்து டிஸ்பென்சரியில ஜன்னலுக்கு வெளியில நிக்க வச்சுத்தான் மருந்து ஊத்துவாங்க."

நன்றி கலந்த அந்தச் சொல் இன்றுவரை என்னை விடவில்லை. நான் தொற்றுத் தடையின் கருவியாக நினைத்த கையுறையை, என் தாயார் வேறொரு பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியாகக் கண்டுவிட்டார். யோசித்துப் பார்த்தால், அந்த மாணவனைப் பொறுத்தவரை அவர் கண்டதே சரி என்று தோன்றுகிறது.

கையுறை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திர வைத்தியர் இருந்தார். சத்திரசிகிச்சைக்கு முன் கைகளைப் பாதரசம் கலந்த கிருமிநாசினியில் தோய்ப்பது அக்கால வழக்கம். அவரிடம் பணிபுரிந்த தாதி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் அதனால் வெந்து புண்ணாயின. 1889–90 காலத்தில் ஹால்ஸ்டெட் குட்இயர் றப்பர்க் கம்பனியிடம் மெல்லிய கையுறைகள் செய்து தரச் சொன்னார். பின்னர் அந்தத் தாதியையே அவர் மணந்துகொண்டார். அது வேறு கதை. இங்கு நமக்கு வேண்டியது ஒன்றே. கையுறை பிறந்தது அணிகின்றவரின் தோலைக் காக்க. அதனால் நோயாளிக்கும் நன்மை உண்டு, புண் சீழ்ப்பிடிப்பது குறைகிறது என்பதை அவருடைய உதவியாளராயிருந்த ஜோசப் புளட்குட் கணக்கெடுத்துக் காட்டியது 1899இல்தான். அந்தப் பத்தாண்டு இடைவெளியில் எல்லோர் கண்முன்னும் கையுறை இருந்தது. நோயாளியின் பக்கம் நின்று அதைப் பார்க்கும் பார்வைதான் இருக்கவில்லை.

கையுறைக்குரிய பால் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்கு அந்நியமான செய்தியன்று. 1876இல் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் எழுந்த றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பலர், மலையகத்துக்கு வந்தவர்களைப் போலவே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் கொண்டுவரப்பட்டவர்கள்.

இனி, வியன்னாவுக்குச் செல்வோம். மருத்துவ மாணவனின் கையைப் பற்றிப் பேசுகின்ற எவரும் அந்த நகரைத் தவிர்க்க முடியாது. அங்குள்ள பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். மற்றதில் மருத்துவிச்சிகள் பயின்றார்கள். 1846ஆம் ஆண்டில் மாணவர்களின் பிரிவில் பிரசவித்த தாய்மாருள் 100க்கு 11 பேர் சூதகக் காய்ச்சலால் மடிந்தனர். மருத்துவிச்சிகளின் பிரிவில் மடிந்தோர் 100க்கு 3 பேருக்கும் குறைவு. அங்கே வந்த பெண்கள் யார்? ஏழைகள், தொழிலாளிகள், கணவனென்று சொல்ல எவரும் இல்லாதவர்கள். இலவசச் சிகிச்சைக்கு விலையாகத் தம் உடலை மாணவர்களின் படிப்புக்குத் தந்தவர்கள். முதலாம் பிரிவில் சேர்க்கவேண்டாம் என்று அவர்கள் முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். எந்தப் பிரிவில் சாவு மிகுதி என்பது அந்த எழுத்தறியாப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பேராசிரியர்களோ காற்றையும் காலநிலையையும் பெண்களின் நாணத்தையும் காரணம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

1847 மார்ச்சில் கொலெற்ஷ்கா என்ற பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டு நோயுற்று மடிந்தார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள் சூதகக் காய்ச்சலால் மடிந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. உதவி வைத்தியராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸுக்கு விடை விளங்கியது. பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்றுப் பிரிவுக்கு வந்த மாணவர்களின் கையே நஞ்சைக் கொண்டுவந்தது, தன் கையுந்தான். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி விதித்தார். 1848இல் அதே பிரிவில் சாவு 100க்கு 1 என்ற அளவுக்கு இறங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் விஞ்ஞானத்தின் வெற்றி என்று பாடப் புத்தகத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்களுள் பலர் அதை ஏற்கவில்லை. செம்மல்வைஸ் 1865இல் ஒரு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, அங்கே புண் சீழ்ப்பிடித்து மடிந்தார். ஏன் ஏற்கவில்லை? பல காரணங்கள் இருந்தன. கிருமி பற்றிய கொள்கை அப்போது நிலைபெற்றிருக்கவில்லை என்பது நியாயமான ஒன்று. வேறொரு காரணமும் இருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்ல்ஸ் மெய்க்ஸ் என்ற மகப்பேற்றுப் பேராசிரியர், வைத்தியர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்ற கருத்தை 1850களில் எழுத்திலேயே வைத்தார். அதாவது, அழுக்கு என்பது கீழேயிருந்து மேலே வருவது. மேலேயிருந்து கீழே அது போகாது.

இந்தக் கருத்து நமக்குப் புதியதா? நம் மண்ணில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் தீட்டு.

தீட்டையும் தொற்றையும் ஒன்றெனச் சொல்லுவோர் நம்மிடையே உண்டு. நம் முன்னோர் கிருமியை அறிந்தே தீட்டை வைத்தார்கள் என்று மேடையில் பெருமை பேசுவோரையும் கேட்டிருக்கிறேன். இதைப்போல் உண்மைக்கு மாறான பேச்சு வேறில்லை. தீட்டு ஒருவழிப் பாதை. கீழென்று தள்ளப்பட்டவனிடமிருந்து மேலென்று சொல்லிக்கொள்பவனுக்கு மட்டுமே அது பாயும். மேலானவன் தொட்டதால் கீழானவனுக்குத் தீட்டுப் பட்டதாகவும் அவன் போய்த் தலைமுழுகியதாகவும் நான் கதை கேட்டதில்லை. தொற்றோ இருவழிப் பாதை. கிருமி சாதியறியாது, சம்பளப் பட்டியல் அறியாது, துரை பங்களாவென்றும் லயமென்றும் பாராது. பேராசிரியரின் விரலிலிருந்து கொழுந்துக்காரியின் புண்ணுக்கும் போகும். புண்ணிலிருந்து விரலுக்கும் வரும். ஆகவே தொற்றைத் தடுக்க முனைபவன் இரண்டு கேள்வியைக் கேட்க வேண்டும்: இவரிடமிருந்து எனக்கு என்ன வரும்? என்னிடமிருந்து இவருக்கு என்ன போகும்? முதற் கேள்வியை மட்டும் கேட்டுக் கையுறை அணிபவன், பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தீட்டைக் கடைப்பிடிக்கிறான்.

மலையகத்தின் வரலாற்றில் முதற் கேள்வி மட்டுமே எப்போதும் கேட்கப்பட்டது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் வாந்திபேதியால் வழியெங்கும் விழுந்தார்கள். குடிக்க நல்ல நீரும் தங்க நிழலும் அவ்வழியில் இல்லாமையே அந்நோய்க்கு வழி திறந்தது. ஆனால் ஆட்சியாளரின் கண்ணில் அவர்கள் நோய்க்கு இரையானவர்களாகத் தெரியவில்லை. நோயைக் கொண்டுவருபவர்களாகவே தெரிந்தார்கள். பின்னாளில் கடலுக்கு அக்கரையில் மண்டபம் முகாம் வந்தது. கப்பலேறுமுன் தொழிலாளரைச் சில நாள் தடுத்துவைத்து, குளிப்பாட்டி, அம்மை குத்தி, உடுப்பை அவித்து அனுப்பினார்கள். வரும் தொற்றைத் தடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. இலங்கை மண்ணில் காலடி வைத்த அந்தத் தொழிலாளிக்கு இங்குள்ள எது தொற்றப் போகிறது என்று கேட்க எந்த முகாமும் கட்டப்படவில்லை என்பதையே சொல்கிறேன்.

கொக்கிப்புழுவின் கதையைப் பாருங்கள். 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். மலம் கலந்த ஈர மண்ணில் பொரிக்கும் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இது அன்றே தெளிவாகத் தெரிந்த உண்மை. இதற்கான தடுப்புச் சாதனங்களும் தெரிந்தவையே: மலகூடம் ஒன்று, காலுக்கு ஒரு செருப்பு. தோட்டத் துரைமார் எதை விரும்பினார்கள்? மருந்தை. மலகூடம் கட்டுவதைவிட மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது மலிவாக இருந்தது. குடலிலிருந்து வெளியேறிய முட்டை மண்ணில் பொரித்துப் புழுவாகி, அதே காலின் வழியே அதே குடலுக்குத் திரும்பியது. விஞ்ஞானம் வந்துவிட்டது, ஆனால் செருப்பு வரவில்லை. கூடை சுமந்து, இடுப்பில் படங்கு கட்டி மலையேறியவளின் கால் வெறுங்காலாகவே இருந்தது.

இந்த மக்களே 1948இல் குடியுரிமையும் அதையடுத்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பகுதி பகுதியாக அவற்றை மீட்டுக்கொண்டிருந்தவர்கள். இவர்களுள் ஒருத்தி, வாட்டில் படுத்துக்கொண்டு, வெள்ளை அங்கி அணிந்தவனைப் பார்த்து, "கை கழுவினீர்களா?" என்று கேட்பாள் என்று எதிர்பார்க்கலாமா? கேட்க மொழியும் இல்லை. மாணவன் சிங்களவனாயிருந்தால் அவனுக்குத் தமிழ் தெரிந்திருப்பது அரிது. தமிழனாயிருந்தாலோ, அதுவும் வடக்கேயிருந்து வந்தவனாயிருந்தால், 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை வீட்டில் கேட்டு வளர்ந்தவனாயிருக்கக் கூடும். இதைச் சொல்ல நாம் கூசக் கூடாது.

ஆனால் ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ள வேண்டும். சாதியும் தோட்டமும் இல்லாத நாட்டில் மாணவர்கள் ஒழுங்காகக் கை கழுவுகிறார்களா? இல்லை. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பேராசிரியர் பித்தேயும் தோழர்களும் அவதானித்தபோது, கழுவ வேண்டிய சந்தர்ப்பங்களுள் ஏறக்குறையப் பாதியிலேயே கழுவல் நடந்தது. தாதியரைவிட வைத்தியர் குறைவாகவே கழுவினர். வேலைப் பளு மிக மிகக் கழுவல் குறைந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை வகுத்தது: நோயாளியைத் தொடுமுன், கிருமியற்ற நிலையில் செய்ய வேண்டிய காரியத்துக்கு முன், இரத்தம் முதலிய உடல் நீர் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளிக்காக. பின் மூன்றும் பெரும்பாலும் தொடுபவருக்காகவும் சூழலுக்காகவும். பல நாட்டு வைத்தியசாலைகளிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்ட செய்தி ஒன்று உண்டு: தொட்ட பின் கழுவுவோர் தொகை, தொடுமுன் கழுவுவோர் தொகையை விட மிகுதி.

ஆகவே இது மலையகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. தன்னைக் காத்துக்கொள்வது மனித இயல்பு என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இயல்பு எங்கும் இருப்பதே. அதற்கு மறுப்புச் சொல்லும் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பணம் கொடுத்துப் படுத்திருப்பவன் கேள்வி கேட்கிறான். கேட்பவன் முன்னால் கை தானாகக் கழுவப்படுகிறது. கேளாதவர்கள் நிறைந்த வாட்டில் இயல்பு தன் போக்கில் போகிறது. மாணவன் தொழிலைப் பழகுவதும் அந்த வாட்டில்தான். அங்கு கைக்குப் பழகிவிட்டது பிறகு எங்கு போனாலும் அவனுடன் போகும்.

மாணவனின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அவனும் அஞ்சுவதற்குக் காரணம் உள்ளவனே. குருதி ஏறிய ஊசி ஒன்று விரலில் குத்தினால், தடுப்பூசி போடாதவனுக்கு ஈரல் அழற்சி 'பி' தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகும். பழகாத கை ஆதலால் குத்துப்படுவதும் எளிது. கேரளத்தில் 2018 மே மாதம், பேராம்பிராவில் லினி என்ற இளந்தாதி, நோய் இன்னதென்று எவருக்கும் தெரியுமுன் நிபா நோயாளியைப் பராமரித்து, அந்நோயாலேயே மடிந்தார். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று எழுந்தபோது, கவசங்கள் போதாமையும் ஒரு காரணமாக, அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களை வாட்டுகளிலிருந்து விலக்கிவைத்தார்கள். இத்தாலியிலோ இறுதியாண்டு முடித்தவர்களை வழக்கமான அரசுப் பரீட்சையின்றியே வைத்தியராக்கிப் பணிக்கு அழைத்தார்கள். மாணவனின் உடல் காக்கப்பட வேண்டியதா, செலவிடப்பட வேண்டியதா என்பதில் உலகமே ஒருமுகப்பட்டிருக்கவில்லை.

நம் நாட்டில் 2022இன் நெருக்கடியை மறப்பதற்கில்லை. கையுறை ஏற்றுமதி செய்யும் நாடு இது. இங்கே மருந்தும் உபகரணமும் இன்றிச் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பிறந்த குழந்தைகளுக்கு இடும் மூச்சுக் குழாய்களை எறியாமல் சுத்திகரித்து வைக்கும்படி வைத்தியர்களே கேட்க நேர்ந்தது. ஏழு நோயாளிக்கு ஒரு சோடிக் கையுறை என்பது அப்படிப்பட்ட நாளில் கற்ற சிக்கனமாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் கையுறை ஒன்றே இருந்ததானால், அதைக் கழற்றிவிட்டு வெறுங்கையைக் கட்டிலுக்குக் கட்டில் கழுவியிருக்கலாம். புண்ணைத் தொட வெறுங்கை ஆகாது என்பான். சரி, உறையணிந்த அந்தக் கை கட்டிலின் இரும்பையும் பேனாவையும் மூக்குக் கண்ணாடியையும் தொட்டதே, அதற்கு எந்த நெருக்கடி காரணம்?

சொல்லிக்கொண்டே போனால் குழாயடிக்கும் வந்தாக வேண்டும். 2020 மார்ச் 20ஆம் நாள் ஊரடங்கு வந்தபோது தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது; நாடு வீட்டிலிருக்க, கொழுந்துக்காரிகள் மலையேறினார்கள். இருபது விநாடி கை கழுவுங்கள், ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள் என்ற அறிவுரைகள் லயங்களுக்கும் வந்து சேர்ந்தன. 10 அடிக்கு 12 அடி அறையில் ஆறு பேர் விலகி நிற்பது எங்ஙனம் என்று அறிவுரையில் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரு பீலி. அதிலும் வரட்சியில் நீர் நூலாக ஒழுகும். அறிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கும் வாட்டில் இரண்டாவது கேள்வி இல்லை.

என்னிடம் பயின்ற ஒருவன், லயத்தில் பிறந்தவன், இப்போது மருத்துவம் படிக்கிறான். விடுமுறையில் ஹட்டனுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டான். தாயாரின் வாட்டில் கண்டதை அவனிடம் சொன்னேன். "சேர், அஞ்சு தருணத்தையும் பரீட்சையில முழுசா எழுதி முழுப் புள்ளி வாங்கினவன் நான். ஆனா பெரியவர் கழுவாம அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா, அவருக்குப் பின்னால பத்துப் பேரும் கழுவாமத்தான் போவோம். நான் மட்டும் குழாய்க்குப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள அவர் மூணு கட்டில் தாண்டியிருப்பார்" என்றான். பரீட்சையில் கற்பது ஒன்று, முதுகைப் பார்த்துக் கற்பது வேறொன்று. அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. நானும் என் மாணவர்களுக்கு என் முதுகால் என்னென்ன கற்பித்தேனோ தெரியாது.

பிறகு அவன் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னான். அவனுடைய வாட்டில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தாராம். வயிற்றில் கட்டி. இவன் தொட்டுப் பார்த்துவிட்டு, முறைப்படி உடனே போய்க் கைகளை நன்றாகக் கழுவினான். திரும்பிப் பார்த்தால், மூதாட்டி சேலைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். களைப்பு என்று நினைத்துப் போய்விட்டான். மறுநாள் காலை இவனைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நான் விடியவே குளிச்சுட்டுத்தான் படுத்திருக்கேன், தம்பி."

அவன் இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. தொட்ட பின் கழுவ வேண்டும், கழுவினான். அதே செயல் எழுபது வயதுப் பெண்ணுக்கு வேறொன்றாகத் தெரிந்தது. தொட்டுவிட்டுக் கை கழுவுபவர்களை அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்திருந்தார். அவர்கள் ஏன் கழுவினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தன் லயத்துப் பையனும் அவர்களுள் ஒருவனாகிவிட்டான் என்று அவர் ஓர் இரவு முழுவதும் எண்ணிக் கிடந்திருக்கிறார்.

"என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய கைத்தேய்ப்பு மருந்துப் போத்தலை எடுத்து, அவர் பார்க்க, தொடுவதற்கு முன்பே இரு கையையும் தேய்த்துக்கொண்டானாம். "ஆத்தா, நாலு பேரைத் தொட்ட கை இது. அந்த நோவு உங்களுக்கு வந்துறக் கூடாதுன்னுதான் இதைப் பூசுறேன். தொட்டப்புறம் கழுவுறதும், உங்ககிட்ட இருந்து அடுத்தவங்களுக்கு எதையும் கொண்டுபோயிறக் கூடாதுன்னுதான்" என்றானாம். மூதாட்டி உடனே நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலைக் காட்டி, "அந்தம்மாவுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார். அந்தம்மா கண்டியிலிருந்து வந்த ஒரு பாடசாலை அதிபரின் மனைவி. அவன் போய் அங்கும் அவ்வாறே செய்து காட்டினான்.

இரண்டு நாள் கழித்து இவனுடன் படிக்கும் சிங்கள மாணவன் ஒருவன் அந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறான். மூதாட்டிக்குச் சிங்களம் வராது. அவனுக்குத் தமிழ் வராது. அவன் வயிற்றைத் தொடக் குனிந்தபோது அவர் அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தினார். பிறகு தம் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டிவிட்டு, தலைமாட்டுப் போத்தலைக் கையால் சுட்டினார். அவன் ஒரு கணம் விழித்தானாம். பின்பு போத்தலை எடுத்தானாம்.

அடுத்த மாதம் 12ஆம் நாள் தாயாரின் காலைக் காட்டுவதற்கு மறுபடியும் அதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்த மூதாட்டியின் கதையைத் தாயாரிடம் சொன்னேன். அவர் தேயிலைச் சாயம் ஏறிய தம் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா, தம்பி?" என்றார்.